பூஜையில் வைத்த பியூஸ் கட்டை

பிரேம்குமாருக்கு அஞ்சலாட்சியைக் கண்டாலே ஆகாது. அவளுக்கும் அவனைக் கண்டால் அப்படித்தான். அவன் மேனேஜர், வாயால் காட்டினான். அவள் கூட்டிப் பெருக்குகிறவள், துடைப்பத்தால் காட்டினாள். அவன் வெள்ளைச் சட்டையோடு வருகிற நேரம் பார்த்துத்தான் புழுதியைக் கிளப்புவாள்.

வடக்கேயிருந்து லாரியில் வரும் தாதுமண்ணைக் கழுவித் துத்தநாகத்தைப் பிரித்தெடுக்கிற கம்பெனி அது, பாண்டி டவுனைத் தாண்டி வில்லியனூர் ரோட்டில். கழுவிய தண்ணீர் ஒரு தொட்டிக்கு வந்து, வாய்க்காலில் இறங்கி, அஞ்சலாட்சியின் கொல்லையை ஒட்டிப் போகும். இரண்டு போகமாக அவள் போட்ட மல்லாட்டைச் செடி வேர்க்கடலை பிடிக்காமலே கருகிப்போயிற்று. மனு மேல் மனு கொடுத்தாள். அவள் வாயை அடைக்கத்தான் பிரேம்குமார் இந்த வேலையைப் போட்டுக் கொடுத்தான். வேலையைப் பிடித்துக்கொண்டாள், வாயை மட்டும் மூடவில்லை.

கழிவுநீரை வெளியே விட அரசாங்க அனுமதி வேண்டும். அது இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதிகாரி வந்து தொட்டித் தண்ணீரைப் பிடித்துப் போய்ச் சோதித்த பிறகுதான் புதுப்பிப்பார்கள். இல்லாவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு, பிரேம்குமாருக்கு வேலை காலி. அதற்கெல்லாம் அவனிடம் ஒரு வழி இருந்தது. ஜீப் கேட்டுக்குள் நுழைந்ததும் போர் மோட்டாரைப் போட்டு நல்ல தண்ணீரைத் தொட்டியில் திருப்பிவிடுவான். அதிகாரி காபி குடித்து எழுந்திருப்பதற்குள் தொட்டி இளநீர் மாதிரி தெளிந்துவிடும்.

இந்தத் தடவை மூளையை இன்னும் கொஞ்சம் கசக்கினான். ஆயுத பூஜை லீவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, கம்பெனியில் பூஜை. அதிகாரியை அன்றைக்கே வரச்சொன்னான். லீவு நினைப்பில் பொரியும் இனிப்பும் வாங்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிடுவார் என்று கணக்கு. கம்பெனியும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று காலையிலிருந்து ஆட்களை விரட்டினான். அவர்களும் டிரம், தட்டு, தரை என்று ஒரு வருஷச் சேற்றைப் பீய்ச்சியடித்துக் கழுவித் தள்ளினார்கள். அந்தச் சேறு எங்கே போகும் என்று மகராசன் யோசிக்கவேயில்லை.

முதலாளி கிருஷ்ணசாமி பெரிய மார்க்கெட்டில் தானே வாங்கிய சாமந்தி மாலைகளோடு வந்து இறங்கினார். ராகுகாலத்துக்கு முன்பே பூசணிக்காய் உடைத்து, பிரேம்குமாரின் நெற்றியில் தன் கையாலேயே சந்தனம் வைத்தார். அப்போதுதான் ஜீப் வந்தது.

அதிகாரி ஹேமலதா காபி வேண்டாம் என்றாள். "மொதல்ல தண்ணி எடுத்துடறேன்."

பிரேம்குமார் நழுவித் தொட்டிப் பக்கம் போனான். தொட்டியில் சாம்பல் நிறக் குழம்பு. மோட்டார் ரூமுக்கு ஓடினான். சுவிட்ச் பெட்டியில் பியூஸ் கட்டைகள் இல்லை. அஞ்சலாட்சி வாசலில் நின்றிருந்தாள்.

"பியூஸ் கட்டை எங்க?"

"பூஜையில இருக்கு சார். ஆயுதத்த எல்லாம் வெக்கச் சொன்னீங்களே."

"அதப் புடுங்கி வெக்கச் சொன்னது யாரு?"

"இந்தக் கம்பெனிக்கு அத விட ஒசந்த ஆயுதம் எது சார்?"

அவளை அங்கேயே அறைந்துவிடலாம் போல இருந்தது அவனுக்கு. நேரமில்லை. சாமி படத்தண்டை ஓடினான். ஸ்பானர், சுத்தியலுக்கு நடுவே, பொட்டு வைத்துக்கொண்டு பியூஸ் கட்டைகள் உட்கார்ந்திருந்தன. கையை நீட்டினான். முதலாளி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சாமிகிட்ட வெச்சத எடுக்கறியா? திங்கக்கெழம பூஜ பண்ணிட்டுதான் தொடணும்."

"மோட்டார் போடணும் சார்."

"வேலையே நிறுத்தியாச்சு. இன்னாத்துக்கு மோட்டாரு?"

"ஆமா, எதுக்கு சார் மோட்டார்?" என்றாள் பின்னால் கேனோடு வந்து நின்ற ஹேமலதா.

"செடிங்களுக்கு மேடம்" என்றான். கம்பெனியில் மருந்துக்கும் ஒரு செடி கிடையாது. பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகள்தான் நின்றன. ஆட்களில் யாரோ சிரித்தார்கள்.

எல்லோரும் தொட்டிக்குப் போனார்கள். ஹேமலதா குனிந்து கேனை நிரப்பி, மூடி, அரக்கு வைத்தாள். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது.

"எப்பவும் தெளிவா இருக்குமேப்பா?"

"எப்பவும் நீங்க பாத்தது போர் தண்ணிங்க மொதலாளி" என்றாள் அஞ்சலாட்சி. "இன்னிக்கிதான் கம்பெனித் தண்ணி. எங் கொல்லைக்கு தெனமும் இதான் வருது."

பிரேம்குமார் முதலாளியைப் பார்த்தான். இத்தனை வருஷம் உழைத்ததற்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று நம்பினான். அவர் அவனைப் பார்க்காமல் ஹேமலதாவைக் கும்பிட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம். பொறுப்பு, கையெழுத்து எல்லாம் இவரோடது."

ஹேமலதா பேனாவைத் திறந்தாள். "முழுப் பேரு சொல்லுங்க."

சொன்னான். சொல்லும்போது நெற்றிச் சந்தனம் காய்ந்து அரித்தது. அஞ்சலாட்சி பொரித் தாம்பாளத்தோடு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். அவன் முன்னால் வந்ததும் இரண்டு கையும் நிறைய அள்ளினாள்.

"நல்லா வாங்கிக்கங்க சார். அடுத்த பூஜைக்கு நீங்க எந்தக் கம்பெனியோ."