இரண்டு புரொசெசரும் ஒரு மெயின் சுவிச்சும்

பேசாலையில் இரண்டு புரொசெசர் பூட்டிய கணினி என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதில் லினக்ஸ் ஓடுகிறது என்பதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன். கலியாணமோ செத்தவீடோ, வெளிநாட்டு உறவுகளுக்கு நேரலையாகக் காட்டுவது என் தொழில். கணினிக்கு ஒரேயொரு வியாதி. நினைத்த நேரத்தில் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

எங்கள் ஊர் ரொபின்சன் அண்ணை காலமானபோது மகள் பிரான்சிஸ்கா பிரான்சில் இருந்தாள். விசா இல்லை, வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது.

"பெட்டி மூட முதல் அப்பாட முகத்தை ஒருக்கா வடிவாப் பாக்கவேணும் அண்ணா. இடையில நிக்காது தானே?" என்று கேட்டாள்.

"என்ர மெஷின் ரெண்டு மூளையோட ஓடுது தங்கச்சி. நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றேன். அன்று காலையிலும் அது நின்றிருந்தது.

மதர்போட்டின் ஃபேம்வெயரை, அதாவது கணினியை எழுப்பும் நிரலை, புதுப்பித்தால் சரியாகும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். புத்தியுள்ளவன் அடக்கம் முடிந்த பிறகு செய்வான். நான் கரன்ற் போனாலும் தாங்கும் யூபிஎஸ்ஸைக் கமராக்களுக்கென்று கோயிலுக்கு அனுப்பிவிட்டு, ஸ்டூடியோவில் புதுப்பிக்கத் தொடங்கினேன். 'மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்' என்று திரையில் சிவப்பு எழுத்து எச்சரித்தது. கரன்ற் போய்விடுமோ என்று மேலே எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாண்ட் வாத்தியம் நெருங்கியது. எங்கள் தெருவில் பிரேதம் போகும்போது கடைகள் ஷட்டரை இறக்கி விளக்கை அணைப்பது வழக்கம். நானும் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். மெயின் சுவிச்சை அணைத்தேன். நெஞ்சில் சிலுவை போட்டேன். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கை இடது தோளுக்குப் போனபோதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

சுவிச்சைத் திரும்பப் போட்டேன். விசிறிகள் சுழன்றன, திரை கறுப்பாகவே இருந்தது. மூளை இரண்டும் அப்படியே இருந்தன. அவற்றை எழுப்பும் நிரல்தான் பாதியில் செத்துப்போயிருந்தது.

பூசை முடியும்வரை அதோடு மல்லாடிவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். கடைசி முகம் பார்த்தல் முடிந்துகொண்டிருந்தது. என் சட்டைப் பையில் ஃபோன் இருந்தது. என்னுடைய பெருமைக்கு அதுவரை அது கண்ணில் படவில்லை. வாட்ஸ்அப்பில் அவளை அழைத்தேன்.

"கிட்டக் கொண்டுபோங்கோ அண்ணா."

கொண்டுபோனேன். அந்தச் சின்னத் திரையில் படம் மங்கலாகத்தான் இருந்தது. அவள் குறை சொல்லவில்லை. நெடுநேரம் பார்த்தாள்.

"இனி அப்பாட காதடியில வையுங்கோ."

வைத்தேன்.

"அப்பா, நான் வந்திட்டன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃபோனை எடுக்க மனம் வரவில்லை. பெட்டியின் மூடியோடு நின்றவர்களும் அவசரப்படுத்தவில்லை.