மதுரைக்காரர் வெட்டிய மல்லி

மல்லிகைச் செடி குச்சி குச்சியாக நின்றது. தண்டபாணி தினமும் காலையில் மொட்டை மாடிக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, பார்க்காதவர்போலத் தன் வெந்தயக்கீரைத் தொட்டிகள் பக்கம் போய்விடுவார். செடி அவருடையதல்ல, மேல் வீட்டுச் சுமலதாவுடையது. வெட்டியது மட்டும் அவர்.

ஹைதராபாத்தில் தார்நாகாவுக்குக் குடிவந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் அக்கம்பக்கத்துத் தமிழர்களின் ‘மாடித் தோட்டம்’ வாட்ஸ்அப் குழுவில் பெரிய மனிதராகிவிட்டார். தமிழ் மாதம் பிறக்கும் அன்று காலையில் ஒரு குரல் பதிவு போடுவார். புரட்டாசியில் தொட்டி மண்ணைக் கிளறிக் காயப்போடுங்கள், ஐப்பசியில் தக்காளி நாற்று விடுங்கள், குளிர் தொடங்கிவிட்டால் பாகலும் புடலையும் போட்டு விதையை வீணாக்காதீர்கள். நல்ல யோசனைகள்தான், பாதி படித்தது, பாதி பட்டுத் தெரிந்துகொண்டது. மல்லிகை விஷயத்தில் மட்டும் அவரை யாரும் எதுவும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. மதுரைக்காரர் என்பதே போதுமானதாக இருந்தது. உண்மையில் அவர் சிம்மக்கல் பக்கம் வாடகை வீட்டில் வளர்ந்தவர். மோந்து பார்த்து இது நேற்றைய பூ, இது இன்றைய பூ என்று சொல்லத் தெரியும். செடி என்று ஒன்றை வளர்த்தது ஹைதராபாத்துக்கு வந்த பிறகுதான். இது அவர் மனைவி அனுபமாவுக்குத் தெரியும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளே தவிர, காட்டிக்கொடுக்க மாட்டாள்.

கார்த்திகை பிறந்த வாரம் சுமலதா வந்தாள். அவள் அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த காலத்திலிருந்து அவர்களுக்கு இதுதான் ஊர்; பேச்சில் தமிழோடு உருதுவும் தெலுங்கும் கலந்து வரும்.

“அண்ணா, நம்ம ப்ரியம்வதாக்கு மாசில வளைகாப்பு. மாப்ள வீட்ல பின்னல் பூரா மொக்கு வெச்சுத் தெச்சு ஜடை போடுவாங்க. கடைப் பூ நக்கோ. எனக்கு என் செடிப் பூதான் வேணும். அந்த டைம்ல பூக்குமா?”

மகள் ப்ரியம்வதா பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் வைத்த செடி அது. அவள் பின்னலுக்கென்றே வளர்ந்து, அவள் கல்யாணத்துக்குப் பிறகு பறிக்க ஆளில்லாமல் புதராகிப் போயிருந்தது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் தண்டபாணியின் வாயில் வரவே வராது.

“நல்லாக் கவாத்துப் பண்ணி, இலைய உருவிவிட்டு, கொஞ்ச நாளைக்குத் தண்ணி காட்டாமப் போடணும்மா. தை கடைசில மொக்குக் கட்டிரும். எங்க ஊர்ல அப்படித்தான்.”

“ஹவ் அண்ணா, சரி, அப்ப நீங்களே வெட்டிக் குடுங்க. எனக்குக் கை வராது.”

வெட்டினார். முழங்கால் உயரத்துக்கு, ஒரு இலைகூட மிச்சம் வைக்காமல். மதுரையில் மார்கழிக் குளிர் என்பது மின்விசிறியைக் குறைத்து வைக்கிற சமாசாரம். இங்கே அது ஸ்வெட்டர் கேட்டது, குல்லாய் கேட்டது, விடிந்து வெகுநேரமாகியும் தொட்டி மண்ணைச் சில்லென்று வைத்திருந்தது. எங்க ஊர் எங்க ஊர் என்று பேசியவர் இந்த ஊரை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. தை பிறந்தது, போனது. மொக்கு இருக்கட்டும், ஒரு துளிர் இல்லை.

குச்சி பட்டுப்போய்விட்டதா, குளிரில் உறங்குகிறதா என்று பார்க்க வழி உண்டு. அவரே குழுவில் சொன்னதுதான்: நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. ஊருக்கெல்லாம் சொன்ன மனிதருக்குத் தன் முறை வந்தபோது கை போகவில்லை. கீறாத வரைக்கும் செடி செத்ததாக ஆகாதே.

மாசி பிறந்த அன்று பதிவு போடவில்லை. என்ன ஆச்சு சார் என்று குழுவில் கேட்டார்கள். தொண்டை கட்டிவிட்டது என்றார்.

“தொண்டை கட்டினவருதான் நேத்து ஒரு தட்டு மிளகா பஜ்ஜி உள்ள தள்ளினீங்களாக்கும்,” என்றாள் அனுபமா. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “போய்ச் சொல்லிருங்க. பாவம், அவங்க வேற பூவுக்கு ஏற்பாடு பண்ணணும்ல,” என்றாள்.

போனார். சுமலதா வளையல்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“பூ வராதும்மா.”

“நானும் பாத்துட்டுதானே இருக்கேன் அண்ணா. செவந்திக்குச் சொல்லிட்டேன்.” குரலில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திரும்பும்போது கேட்டாள், “செடி இருக்குல்ல?”

“இருக்கும்மா,” என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கி வந்துவிட்டார்.

வளைகாப்பன்று ப்ரியம்வதாவின் பின்னல் முழுக்க மஞ்சள் செவந்தி. எல்லோரும் அழகு என்றார்கள். அழகாகத்தான் இருந்தது. தண்டபாணிக்கு மட்டும் அந்த மஞ்சளைப் பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது. சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு மாடிக்கு ஏறிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் படியில் வளையல் சத்தம் கேட்டது. ப்ரியம்வதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள்.

“கீழ ஒரே க்ரௌட் அங்கிள். கொஞ்சம் காத்துக்கு வந்தேன்.” செடியைப் பார்த்ததும் முகம் மாறியது. “பதிகே உந்தா இது?”

உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிறாள். அந்த அளவு தெலுங்கு அவருக்குத் தெரியும்.

“தெரியலம்மா,” என்றார். சொன்ன பிறகு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. “மதுரை நெனப்புல வெட்டிட்டேன். இந்த ஊர்க் குளிர நெனச்சுப் பாக்கல.”

“நெயில் வச்சு கீறிப் பாக்கணும்னு நீங்கதானே வாய்ஸ் நோட்ல சொன்னீங்க? அம்மா எனக்கு ஃபார்வர்ட் பண்ணாங்க.”

“சொன்னேன். பாக்கல.”

“கைக்கு?”

ஏன் என்று இந்த ஊர் உருதுவில் கேட்டுவிட்டு அவள் குனியப் போனாள். “குனியாதம்மா, இரு,” என்று பதறி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து, மருதாணி சிவந்த நகத்தால் ஒரு குச்சியின் நுனியைக் கீறினாள். பழுப்பு. காய்ந்த தூள் உதிர்ந்தது. தண்டபாணி வேறு பக்கம் பார்த்தார். அவள் விடவில்லை. கை முழுக்க வளையல் சரிய, இன்னும் கீழே, மண்ணை ஒட்டிய தண்டில் நகத்தை வைத்தாள்.

“அங்கிள்.”

திரும்பினார். பட்டை விலகிய இடத்தில், பச்சை மிளகாய்க் காம்பு நிறத்தில், ஈரமாக ஒரு கோடு இருந்தது.

அவள் அடுத்த தண்டைக் காட்டினாள். தண்டபாணி வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் கட்டைவிரல் நகத்தை அதன்மேல் வைத்தார்.