பாதி திரும்பிய கைப்பிடிகள்

...உடைந்துதான் இருக்கும், குளிர்காலம் முழுக்க அவன் அந்தத் தோட்டத்து வால்வைத் தொடவில்லை, நீரை வடிக்கவில்லை, பாய்சி நகரத்து உறைபனியில் பித்தளை எத்தனை நாள் தாங்கும், வெடித்திருந்தால் நல்லது, தோட்டக் குழாயையே வெட்டி அடைத்துவிடச் சொல்லலாம், மனைவி மாரிட் வைத்த ரோஜாக்கள் ஜூலைக்குள் காய்ந்துவிடும், அவன் கொன்றதாக ஆகாது... கோர்வின் சமையலறைச் சன்னலருகே நின்றான். வெளியே, வால்வைச் சோதிக்க வந்த அரியெட்டா அம்மாள் வேலியோரம் மண்டியிட்டு அழுத்தமானியை மாட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்து அழுக்குநீர் ஊர்க் குடிநீருக்குள் திரும்பாமல் தடுக்கும் வால்வு. வருடம் ஒருமுறை சோதிக்காவிட்டால் நகராட்சி வீட்டுத் தண்ணீரையே நிறுத்திவிடும். இதையெல்லாம் மாரிட்தான் பார்த்துக்கொண்டாள். போன நவம்பரில் இறந்தாள். இது மட்டும் உடைந்துவிட்டால்...

"தம்பி, இங்க வா! உங்க தெருவுல பாதி வீட்ல வெடிச்சுக் கிடக்கு. உன்னுது கல்லு மாதிரி நிக்குது, முள்ளு அசையுதா பாரு." வெளியே போய்க் குனிந்து பார்த்தான். அசையவில்லை. நிம்மதியா, இல்லை, ஏமாற்றம். "என்னப்பா, ஃபெயிலுன்னு நான் சொன்னவன்கூட இப்படி மூஞ்சிய வெச்சுக்கல. குளிருக்கு முன்னாடி வடிச்சது நீதான?" தான் தொடவே இல்லை என்றான். "அப்ப யாரோ விவரமானவங்க. நான் வந்தப்ப வால்வோட ரெண்டு கைப்பிடியும் பாதி திரும்பி நின்னுச்சு. முழுசா மூடினா உள்ள மாட்டுற சொட்டுத் தண்ணியே உறைஞ்சு பித்தளையப் பொளந்துரும். உன் வீட்டுக்காரியா? கெட்டிக்காரின்னு நான் சொன்னேன்னு சொல்லு."

சொல்கிறேன் என்றான்.

எப்போது செய்தாள்... செப்டம்பரிலேயே படியேற முடியவில்லை அவளால், அவன் அலுவலகம் போயிருந்த ஏதோ ஒரு பகலில், சுவரைப் பிடித்து, வேலியைப் பிடித்து, இந்த ஈர மண்ணில் உட்கார்ந்து... ஏன் சொல்லவில்லை? அவனையே செய்யச் சொல்லியிருக்கலாமே, செய்ய மாட்டான் என்று தெரியுமா, வேண்டுமென்றே விட்டுவிடுவான் என்றுகூடவா? தினமும் போர்வையை இழுத்துவிட்டுச் சொல்வான், வசந்தம் வரட்டும், நீயே தண்ணீர் திறந்துவிடுவாய் என்று. அவள் தலையாட்டுவாள். நம்புகிறாள் என்று நினைத்தான்.

"தோட்டத்துக்கு நான் தெறந்துவிடட்டுமா, நீயே தெறக்கறியா?"

அரியெட்டா அம்மாள் காத்திருந்தாள். மாரிட்டின் அந்தத் தலையாட்டல்... அவன் அவளைத் தேற்றினானா, அவள் அவனைத் தேற்றினாளா?