இன்னார் என்று சொல்லாத மந்திரம்

“நாச்சி, நீ கிணத்தடிக்குப் போயிரு. என் தங்கச்சி மட்டும் இங்குட்டு இருக்கட்டும். இப்பப் போடுறேன் மந்திரத்தை” என்று சொல்லிவிட்டுப் பாண்டியண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாச்சியப்பனின் எலக்ட்ரிகல் கடை மாடியில், ஒயர் சுருள்களுக்கும் பேன் பெட்டிகளுக்கும் நடுவே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் நாலு பேரும் ஆடுகிற ஆட்டம் இது. கதையை நான் சொல்வேன். நாச்சியப்பன், வீரலட்சுமி, அவள் அண்ணன் பாண்டீஸ்வரன் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் நடமாடுவார்கள், பகடை உருட்டுவார்கள். சென்னையில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டு காரைக்குடிக்குக் கொண்டுவந்தேன். இப்போதைய கதையில் மூன்று வழிப்போக்கர்கள், அதில் ஒருவர் பேய். யாரென்பது எனக்கும், பேய்ச்சீட்டை எடுத்தவருக்கும்தான் தெரியும். பாண்டியண்ணன் மந்திரவாதி. அவர் சொன்ன கிணத்தடியும் கதைக்குள் இருப்பதுதான்.

பேயறியும் மந்திரத்துக்கு நாங்களே போட்ட விதி ஒன்று உண்டு. பக்கத்தில் பேய் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் அது சொல்லும், இன்னார்தான் என்று கைகாட்டாது. தெரிந்தே ஆகவேண்டுமென்றால் ஆளின் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும், சொல்கிற பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டும். விதிப்புத்தகத்தில் இப்படிக் கிடையாது. வீரலட்சுமி ஆட வந்த அன்றைக்கே பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய விதி. அதில்தான் இந்த மனுஷர் இப்போது ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார். ஒருத்தியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மந்திரம் போட்டால் கைகாட்டியது போலத்தானே?

அவள் ஏன் அந்த விதியைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்பா செத்த வருஷம் அவள் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். பேய் பிடித்திருக்கிறது என்று கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே வேப்பங்குழையால் அடித்து “நீ யாரு, எந்த ஊரு” என்று கேட்பார்கள். ஒரு பெயர் வருகிறவரைக்கும் விடமாட்டார்கள். அடி தாங்காமல் இவளும் ஒரு பெயரைச் சொன்னாள். உடனே உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்து, கல்லல் போகிற வழியில் ஒரு புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். அவள் திமிறாமல் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பாண்டியண்ணன். அழுதுகொண்டேதான் பிடித்தாராம். பாசம் இல்லாத ஆள் என்றாலாவது ஒரேயடியாக வெறுத்துத் தொலைக்கலாம்.

இப்போது பெண் பார்க்க வந்தவர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி பேச்சைக் குறைத்துவிட்டாள். காலையில் போனில், “ஆணி இளகிருச்சாம் சத்யா. வர்ற வெள்ளிக்கிழமை திரும்பக் கூட்டிப்போறாகளாம்” என்றாள். ஆணி இளகினால் பேய் திரும்பி வந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள்.

பேய்ச்சீட்டு நாச்சியப்பனிடம் இருந்தது. மந்திரத்தைப் போட விட்டால் ‘இங்கே பேய் இல்லை’ என்று நான் சொல்லலாம். ஆட்டத்தில்தான் என்றாலும், அந்த வார்த்தை ஒரு தடவை பாண்டியண்ணன் காதில் விழட்டுமே என்று ஆசையாக இருந்தது.

“சரி, போடுங்கண்ணே” என்றேன்.

“வேணாம் சத்யா.” வீரலட்சுமி பகடையைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். “மந்திரம் சொல்லி எங்கண்ணன் என்னைய நம்ப வேணாம். என்னையக் கேக்கச் சொல்லு.”

“ஆட்டந்தானே தாயி” என்றார் அண்ணன்.

“ஆட்டந்தேன். கேளு.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மந்திரவாதியின் குரலில் ஆரம்பித்தார். “நீ யாரு...” அதற்கடுத்த இரண்டு வார்த்தையும் என்னவென்று அவருக்கே தெரிந்துவிட்டது. வாய் அப்படியே நின்றுவிட்டது.

“எந்த ஊருன்னும் கேளுண்ணே” என்றாள் அவள். “நான் வீரலட்சுமி. இந்த ஊருதேன். அன்னைக்கும் நாந்தேன் இருந்தேன், வேற யாரும் இல்ல. அப்பா போனது தாங்கல, அவ்வளவுதேன். அடி வலிச்சுச்சு, ஒரு பேரைச் சொன்னேன். எங்கூட ஆறாப்பு படிச்ச பிள்ளை பேரு. அவ திருப்பத்தூர்ல கல்யாணம் முடிச்சு நல்லாத்தேன் இருக்கா.”

நாச்சியப்பன் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் தன் சீட்டைத் திருப்பிக் காட்டி, “நாந்தாங்க பேய்” என்றான். யாரும் பார்க்கவில்லை.

பாண்டியண்ணன் என்னிடம் கேட்டார், “சொன்னா ஏத்துக்கிறணும்ங்கிறது... இதுக்குமா?”

“இதுக்குத்தேன் அந்த விதியே” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். படியில் இறங்கும்போது, “நாச்சி, சுத்தியல் இருக்கா?” என்றார்.

“எதுக்குண்ணே?”

அவர் கீழே போய் வண்டியைக் கிளப்பினார். நாச்சியப்பன் கடைக்குள்ளிருந்து எடுத்துக்கொடுத்த சுத்தியல் ஒரு பக்கம் ஆணி அடிக்க, மறுபக்கம் கவைபோலப் பிளந்து ஆணி பிடுங்க. வீரலட்சுமி அதை வாங்கிக்கொண்டு அண்ணன் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். வண்டி வீட்டுப்பக்கம் போகாமல் கல்லல் ரோட்டில் திரும்பியது. சுத்தியலை, கவைப் பக்கம் மேலே பார்க்க, மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.