வேர்க்கும் பெட்டி

கொலை நடந்துகொண்டிருந்தது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. வாரத்துக்கு ஓர் இலை.

சுங்குவார்சத்திரம் லேடீஸ் ஹாஸ்டலின் மாடி அறையில், ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் இசக்கிசெல்வி வளர்க்கும் பிகோனியா. போர்னியோ மழைக்காட்டுச் செடி. கறுத்த இலை, முதலை முதுகு போல மேடுமேடாக. வாட்ஸ்அப் குழுவில் பழகிய வயநாட்டுக்காரர் கூரியரில் அனுப்பிய ஒற்றை இலைத் துண்டிலிருந்து, பொறுமையாகக் காத்திருந்து எழுப்பிய செடி. மூடிய பெட்டிக்குள் ஈரக்காற்று இருந்தால்தான் அதற்கு உயிர். இல்லையென்றால் சுருண்டு காய்ந்துவிடும்.

இப்போது மிச்சம் ஒரே இலை.

சந்தேகம் வார்டன் சந்திரம்மாள் மேல் விழுந்தது. "இன்னாம்மா, டப்பாக்குள்ள காடு வளக்கறியா? கொசு வந்துச்சு, தூக்கிக் கடாசிடுவேன்" என்று ஏற்கெனவே மிரட்டியிருந்தாள்.

செல்வி பொறி வைத்தாள். காலை ஷிப்டுக்குக் கிளம்புவது போல யூனிஃபார்ம் போட்டு, செல்போன் கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் படியிறங்கினாள். பஸ்ஸில் ஏறவில்லை, லீவு சொல்லியிருந்தாள். பின்படி வழியாகத் திரும்பி, அறைக்குள் கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் நின்றாள்.

கதவு திறந்தது.

வார்டன் இல்லை. வேல்விழி! செல்வி எழுந்து போனதும், நைட் ஷிப்ட் முடித்து வந்து அதே கட்டிலில் படுப்பவள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பெட்டியிடம் போனாள். மூடியைத் திறந்தாள். செடி நட்டிருந்த பாசியைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டலத்தை உருவினாள்.

"ஏட்டி! என்னட்டி பண்ணுத?"

வேல்விழி அலறியதில் பொட்டலம் தரையில் விழுந்தது. சிலிகா ஜெல். புது ஷூ டப்பாவில் ஈரம் உறிஞ்சப் போட்டு வருமே, அது.

"ஈரம் எடுக்கேன்க்கா! உள்ள பூரா தண்ணி கோத்து நிக்குல்லா. ஒரு சொட்டு ஈரம் பட்டா போர்டு அவுட்டுன்னு லைன்ல சூப்பர்வைசர் கத்துவாருல்லா. எல்லா ரூம்லயும் கேட்டு வாங்கிச் சேத்தேன். நனைஞ்சத இஸ்திரிப் பெட்டி வச்சு காயவச்சு, திரும்ப வப்பேன். அப்படியும் எலை உதிருதேன்னு நேத்து இன்னும் கொஞ்சம்..."

"உன்ட்ட யாருட்டி கேட்டா?"

"யாரு கேக்கணும்? நீ போகையில நான் வாரேன். நாம பேசி எத்தன நாளாச்சு? இந்த ரூம்ல எனக்குத் துணைக்கு இருக்கது அது ஒண்ணுதான்க்கா." வேல்விழி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

செல்வி பெட்டியருகே குனிந்தாள். இலையைப் பார்த்தாள். ஓரம் சுருண்டிருந்தது. நரம்பு இன்னும் பச்சை.

"அழுதது போதும். கை நடுங்காம வெட்டுவியா?"

"ஊசி முனை பார்ட்ட இடுக்கியில எடுத்து வைக்கேன். நடுங்குமா?"

வேல்விழி பிளேடால் நறுக்கினாள், துண்டுக்கு ஒரு நரம்பாக. செல்வி ஈரப்பாசியில் நட்டாள். நரம்பிலிருந்து வேர் விட்டால் செடி. அழுகினால், அவ்வளவுதான்.

பெட்டி மறுபடி வேர்த்தது. ஒரு துண்டு அழுகியது. பிறகு இன்னொன்று. லீவு நாட்களில் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தார்கள்.

"லேசாத் தொடைக்கட்டாக்கா?"

"கைய ஒடிச்சிருவேன்."

அப்படியொரு ஞாயிறு, வார்டன் உள்ளே வந்தாள். பெட்டிமேல் மூக்கை வைத்தாள்.

"இன்னாடி, பாசி மேல கறுப்பா எறும்பு கீது? நசுக்கிடட்டா?"

மூடியை நோக்கிப் போன கையை இரண்டு பேரும் ஒரே பாய்ச்சலில் பிடித்தார்கள்.

எறும்பு நகரவில்லை. அதற்கு ஒரு காம்பு இருந்தது.