சுவரை எழுப்பியது பனி

நிலைக்கண்ணாடியின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தி, அதன் நுனியை ஆணியில் மாட்டிவிட்டு ஹூபெர்ட் நாற்காலியிலிருந்து இறங்கும்போது, பின்னாலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"சொல்லுடா. என்னமோ சொல்ல வந்தே, பாதியில நிறுத்திட்டே."

எழுபத்து நாலு வயதில் நாற்காலியிலிருந்து விழுந்தால் இடுப்பு போய்விடும். ஹூபெர்ட் விழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தரையில் வைத்தார், பிறகு இன்னொரு காலை. திரும்பிப் பார்க்கத்தான் அவருக்கு நேரம் பிடித்தது.

அண்ணன் எவால்ட் காலை ஆறு நாற்பதுக்கு இறந்துவிட்டார். அதில் ஹூபெர்ட்டுக்குச் சந்தேகமே இல்லை. மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாயிற்று, நெஞ்சில் காது வைத்துக் கேட்டாயிற்று. அண்ணனின் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து, ஜெபமாலையை மூன்று சுற்றாகச் சுற்றிவிட்டு, அப்புறம்தான் எழுந்து சாவு வீட்டில் செய்ய வேண்டிய மற்றதையெல்லாம் செய்தார். ஊசல் கடிகாரத்தை ஆறு நாற்பதில் நிறுத்தினார். உயிர் வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தார். டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தார். மற்ற நோயாளிகளை முடித்துக்கொண்டு சாயங்காலம் வந்து சான்றிதழ் எழுதுகிறேன் என்றாள். கீழ்வீட்டு கிசெலாவை உடம்பு கழுவ வரச்சொன்னார். வானொலிக்காரர் ஒருவர் கோடையிலேயே வந்து, எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், அவருக்கும் சொல்லியாயிற்று. கண்ணாடியை மூடுவது மட்டும்தான் பாக்கியாக இருந்தது.

இப்போது எவால்ட் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜெபமாலை சுற்றிய கைகள் மடியில் அப்படியே இருந்தன.

"ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? டீ போடு."

ஹூபெர்ட் சமையலறைக்குப் போனார். அடுப்பைப் பற்றவைக்க நான்கு தீக்குச்சிகள் ஆயின. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கிழவன் தப்பிவிட்டான், நான்தான் அவசரக்குடுக்கை என்று தன்னையே திட்டிக்கொண்டார். அந்தத் திட்டில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ராஸ்பெரிச் சாறு ஊற்றிய டீயை அண்ணன் பக்கத்தில் முக்காலியில் வைத்தார்.

"குளிருது பாரு, ஜன்னலச் சாத்துறேன்."

"வேணாம். திறந்தே கெடக்கட்டும். போக வர ஆவும்."

சொல்ல வந்ததைச் சொல்ல ஹூபெர்ட்டுக்கு ஐம்பது வருஷம் பிடித்திருந்தது. விடிகாலையில்தான் தைரியம் வந்து, "அண்ணே, அந்த வரி இருக்கில்ல..." என்று ஆரம்பித்தார். அப்போதுதான் மூச்சு நின்றது. சொல்லாமலே போய்விட்டதே என்றுதான் பின்னால் குரல் கேட்கும் வரைக்கும் அழுதார், அண்ணன் போனதற்காக அல்ல. இப்போது மறுபடியும் வாய்ப்பு வந்திருக்கிறது, நாக்குத்தான் எழவில்லை.

போலந்தில் கித்தார் பிடித்தவன் எல்லாம் அர்த்தம் தெரியாத இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்த காலத்தில், சுரங்கத்து ஆட்கள் பேசுகிற பேச்சிலேயே ராக் பாடிய முதல் ஆள் எவால்ட் கோவோல். பாட்டை எழுதுவதும் அவர்தான், மெட்டுப் போடுவதும் அவர்தான். சுரங்கத்தில் தூக்கிப்போட்ட ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபையர் கட்டினார். தீயணைப்புப் படையின் பேண்டில் இரவல் வாங்கி, இன்று வரை திருப்பிக் கொடுக்காத டிரம்ஸில் தம்பி ஹூபெர்ட் வாசித்தார். அண்ணனோடு வாசிப்பது லேசான வேலை இல்லை. வரியின் பின்பாதிக்குள் அரைத் தாளம் தாமதமாகத்தான் நுழைவார். புது ஆட்கள் எல்லாம் தடுமாறுவார்கள். ஹூபெர்ட் மட்டும் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

அவர்களுடைய அப்பா சுரங்கத்திலேயே போனவர். உள்ளே தீப்பிடித்தது. தீக்குக் காற்றுக் கிடைக்கக் கூடாது என்று சுரங்கப் பாதையின் வாயைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அடைத்தபோது உள்ளே ஒன்பது பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். எவால்ட்டுக்கு அப்போது பதினைந்து வயது. பதினைந்து வருஷம் கழித்து அதைப் பாட்டாக எழுதினார். மூன்றாவது சரணத்தில் அந்த வரி இருந்தது: சுவரை எழுப்பியவன் பேர் தெரியும்.

பாட்டுத் தாளைத் தணிக்கை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனது ஹூபெர்ட். முத்திரை விழாமல் இசைத்தட்டு வராது. திரும்பி வந்தபோது தாளில் முத்திரை இருந்தது, வரி வேறாக இருந்தது: சுவரை எழுப்பியது வெள்ளைப் பனி. அவங்க மாத்திட்டாங்க அண்ணே என்றார். எவால்ட் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு அதையே பாடினார்.

நாடே அதைப் பாடிற்று. பனி விழுந்தால் அந்தப் பாட்டு. கிறிஸ்துமஸ் வந்தால் அந்தப் பாட்டு. குளிர்கால டயர் விளம்பரத்துக்குக்கூட அதைப் போட்டார்கள். செங்கல்லுக்குப் பின்னால் செத்த அப்பா ஐம்பது வருஷமாகப் பனிப்பொம்மை செய்துகொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு கிசெலா வந்தாள். வெந்நீர்ப் பாத்திரம், சோப்பு, துண்டு, தேய்த்த வெள்ளைச் சட்டை. கதவருகே நின்று உள்ளே பார்த்தாள். கட்டிலில் எவால்ட் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். வாசல்படியைத் தாண்டவில்லை.

"பொழச்சுக்கிட்டாருக்கா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றார் ஹூபெர்ட்.

"ஜன்னலத் திறந்தியா?"

"திறந்தேன்."

"கடிகாரம்?"

"நிறுத்தினேன். மறுபடி ஓட விட்டேன், ஓடல. பழசு."

கிசெலா எட்டு பேரைக் கழுவி அனுப்பியவள். எதற்கும் பதறுகிறவள் இல்லை. பாத்திரத்தைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்து, அதன்மேல் துண்டை விரித்து மூடினாள்.

"இது இங்கயே இருக்கட்டும் தம்பி. சாயங்காலம் வர்றேன்."

"எதுக்குக்கா சாயங்காலம்? அதான் சொல்றேனே..."

"அவருகிட்ட ஏதாச்சும் பாக்கி வெச்சிருந்தா முடிச்சிடு," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. சுரங்க ஊரான லிப்பினியின் செங்கல் வீடுகளில் ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் தும்மினால் அந்தப்பக்கம் நல்லாயிரு என்பார்கள். மூன்று வீட்டு வானொலிகளில் ஒரே நேரத்தில் எவால்ட் இளைஞனாகப் பாடிக்கொண்டிருந்தார். ஹூபெர்ட் நடையில் போய் நின்றுகொண்டு வானொலி நிலையத்துக்கு ஃபோன் செய்தார். ஒரு சின்னப்பெண் எடுத்தாள்.

"அவரு சாகலம்மா. தப்பாச் சொல்லிட்டோம்."

"ஐயா, காலையிலேர்ந்து நீங்க நாலாவது ஆளு. ரசிகருங்க எல்லாரும் இதேதான் சொல்றாங்க. எங்களுக்கும் வருத்தம்தான்."

"நான் ரசிகன் இல்லம்மா, தம்பி. கூடப்பொறந்தவன்!"

"தம்பிதான் காலையில எங்களுக்குச் சொன்னதே. வெச்சிடட்டுங்களா?"

வைத்துவிட்டாள். ஹூபெர்ட் ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் சொல்லுக்கு எதிராகத் தன் சொல்லே எடுபடாத இந்த வயதில் யாரிடம் போய் வாதாடுவது?

கல்லறைத் திருநாள் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எல்லாக் கடையிலும் கல்லறை விளக்குகள் மிச்சமாகிக் கிடந்தன. மத்தியானத்துக்கு மேல் ஆட்கள் ஒவ்வொருவராக முற்றத்துக்கு வந்து, ஜன்னலுக்கு நேர் கீழே சிவப்புக் கண்ணாடி விளக்குகளை ஏற்றி வைத்தார்கள். வழுக்கைத் தலைக்காரர்கள் பழைய தோல் ஜாக்கெட்டில் வந்தார்கள், வயிற்றுக்கு மேல் ஜிப் ஏறவில்லை. ஓய்வுபெற்ற சுரங்கக்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்கள். மூன்று மணிக்குள் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை.

ஹூபெர்ட் இறங்கிப்போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை படி வரைக்கும் போனார். உயிரோடிருப்பவனுக்கு விளக்கு வைத்துவிட்டோம் என்று தெரிந்தால் இந்த ஜனங்கள் எப்படி நடுங்குவார்கள் என்று யோசித்தார். அதைவிட, கிசெலா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதும் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கீழ என்னடா செவப்பா இருக்கு?"

"விளக்கு."

"யாரு செத்தது?"

வாயில் வந்த பெயரைச் சொன்னார். "பின்கட்டு ரூஃபின்."

"ரூஃபினுக்கா இவ்வளவு பேரு?" எவால்ட் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "மனுஷன் யாருகிட்டயும் முகங்கொடுத்துப் பேச மாட்டான். செத்த பொறவுதான் ஒருத்தனோட மதிப்புத் தெரியுது. கொஞ்சம் பொறாமையா இருக்குடா."

ஹூபெர்ட் கட்டிலை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தார். அண்ணனின் கையைப் பிடித்தார். ஜன்னல் காற்றுப் பட்டுச் சில்லிட்டிருந்தது. அதே ஜன்னலருகே இருக்கும் தன் கை சூடாகத்தானே இருக்கிறது என்று யோசித்தார், மேற்கொண்டு யோசிக்கவில்லை.

"நீ சொல்லு," என்றார் எவால்ட். "அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்."

நான்கரை மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. விளக்குப் போட ஹூபெர்ட்டுக்கு மனமில்லை. முற்றத்திலிருந்து வந்த சிவப்பு வெளிச்சம் கூரையில் அசைந்தது. கட்டிலில் அண்ணன் இருட்டாகத் தெரிந்தார். கீழே யாரோ கித்தாரை மீட்டினார்கள். கூட்டம் பாட ஆரம்பித்தது. அந்தப் பாட்டுத்தான், வேறெது?

முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. ஹூபெர்ட் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டே, தாளத்தைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"அவங்க மாத்தல அண்ணே. அந்த ஆளு ஒண்ணுமே சொல்லல. தாளப் படிச்சான், மூக்குக்கண்ணாடியக் கழட்டினான், தொடைச்சான். அவ்வளவுதான். எனக்கு இருப்புக் கொள்ளல. இசைத்தட்டு வராமப் போயிருமேன்னு, உன்னப் புடிச்சுட்டுப் போயிருவாங்களோன்னு. இல்ல, அதெல்லாம் அப்புறம் நானே சொல்லிக்கிட்ட சமாதானம். பயம், அவ்வளவுதான். அவன் கேக்குறதுக்கு முன்னாடியே 'மாத்தித் தர்றேன் சார்'னேன். அவன் பென்சிலத்தான் வாங்கி எழுதினேன். ஜன்னலுக்கு வெளியில பனி பெஞ்சுக்கிட்டிருந்துச்சு. அதையே எழுதிட்டேன். அப்பாவ ரெண்டாவது தடவ மூடினது நான்தான்."

கீழே இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் எல்லோரும் எப்போதும் போல இழுத்தார்கள்.

"அண்ணே?"

"பென்சில் எழுத்தப் பாத்த அன்னிக்கே தெரியும்டா," என்றார் எவால்ட். குரல் கோபமாக இல்லை, களைத்திருந்தது. "உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நீயாச் சொல்லணும்னுதான் இருந்தேன்." பிறகு, "பாட்டு எங்க நிக்குது?" என்று கேட்டார்.

"மூணாவது சரணம் எடுக்கப் போறாங்க."

"அப்ப என் எடம் வருது."

கூட்டம் மூன்றாவது சரணத்தை எடுத்தது. அப்பா இறங்கிப் போனது, விளக்கு திரும்பி வராதது. இருநூறு குரல்கள் சுவரை எழுப்பியது என்று ஏறி, வெள்ளைப் பனி என்று இறங்கின. ஹூபெர்ட்டின் விரல் பழக்கத்தில் மேலே நின்றது. அரைத் தாளம் கழித்து ஒரே ஒரு குரல் தனியாக நுழைந்தது. முப்பது வயசுக் குரல், புகைபிடித்துக் கரகரத்தது.

...பேர் தெரியும்.

அந்த வரியை இன்று பூமியில் இரண்டு பேர்தான் அறிவார்கள். ஹூபெர்ட் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். பாட்டு நின்றுவிட்டிருந்தது. கீழே எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடியது யார் என்று பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டார்கள். விளக்குகளுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. அங்கே யாரும் இல்லை.

மாடிப்படியில் காலடி கேட்டது. டாக்டரம்மா உள்ளே வந்து தானே சுவரில் தடவி விளக்கைப் போட்டாள்.

"மன்னிச்சுக்குங்க, லேட்டாயிருச்சு. கீழ விடவே மாட்டேங்குறாங்க. அந்தப் பாட்டுக்கு இப்பிடி ஒரு வரி இருக்கா? நான் கேட்டதே இல்ல."

ஹூபெர்ட் திரும்பினார். எவால்ட் மல்லாந்து படுத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. கைகள் சேர்ந்திருந்தன, ஜெபமாலை மூன்று சுற்று, காலையில் அவர் சுற்றியபடியே. முக்காலியில் டீ விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது.

டாக்டரம்மா முழங்கையைத் தூக்கப் பார்த்தாள். கை மடங்கவில்லை, உடம்பே சேர்ந்து அசைந்தது. தாடையைத் தொட்டாள், முழங்காலைத் தொட்டாள். பையிலிருந்து படிவத்தை எடுத்து முக்காலியின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.

"காலையிலயே நல்லா வெறைக்க ஆரம்பிச்சிருக்கும். ஃபோன்ல எத்தன மணின்னு சொன்னீங்க?"

ஹூபெர்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு நாப்பது."

"சரியாத்தான் இருக்கு," என்று எழுதினாள். "நாள் பூரா தனியாவா இருந்தீங்க?"

வாசலில் கிசெலா பாத்திரத்தின் மேலிருந்த துண்டை எடுக்கிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவள் படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"ஜன்னலச் சாத்தட்டுமா? குளிருதே," என்றாள் டாக்டரம்மா.

"வேணாம்."

கீழே கித்தார் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. ஹூபெர்ட் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டத்தில் தட்டினார். முதல் சரணம் போயிற்று, இரண்டாவது சரணம் போயிற்று. மூன்றாவது சரணத்தில் கூட்டம் தயங்கிற்று. சுவரை எழுப்பிய என்று வந்து அப்படியே நின்றது. பனி என்று பாட யாருக்கும் வாய் வரவில்லை. ஹூபெர்ட் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.