இறாலுக்கு மலர்க்கொடி என்று பெயர்

2008இல் வெள்ளாற்றில் ஒரு புது இறால் இனத்தைக் கண்டுபிடித்தோம், நானும் என் ஆராய்ச்சி கைடு மணவாளன் சாரும். அந்தப் பெருமை ஒரு மாதத்துக்குமேல் நிலைக்கவில்லை.

ஆற்று இறாலை இனம் பிரிப்பது என்ன லேசான வேலையா? நெற்றி முள்ளில் பல் எத்தனை, கொடுக்கு எவ்வளவு நீளம் என்று கண் பூத்துப்போகும்வரை பார்க்க வேண்டும். புவனகிரி மார்க்கெட்டில் இருசம்மாளிடம் வாங்கிய பதினோரு ஆண் இறாலுக்கும் கொடுக்கு குட்டை. வழவழவென்று இருந்தது. மற்றதெல்லாம் வழக்கமான இறால் மாதிரியே.

"பிரிசில்லா, இது புது இனம்மா!" என்று சிதம்பரத்து லேபில் சார் குதித்தார். ஐம்பத்தெட்டு வயதில்!

மனைவி மலர்க்கொடியின் பெயரை வைப்பதென்று அப்போதே முடிவு செய்துவிட்டார். "முப்பது வருஷமா ஃபார்மலின் நாத்தத்தோட வூட்டுக்குப் போறேன். ஒரு நாள் அவ மூஞ்சி சுளிச்சதில்ல. அவளுக்குன்னு நான் என்ன செஞ்சேன்? ரிட்டயர் ஆவறதுக்குள்ள இதையாவது செஞ்சிடணும்" என்றார். அவர்மேல் எனக்கிருந்த ஐந்து வருஷக் கடுப்பு அன்றைக்குப் பாதி இறங்கிவிட்டது.

இதற்குச் சொந்தபந்தம் யார் என்று தெரிய, மரபணுச் சோதனைக்குச் சதைத் துண்டு அனுப்பினோம். வழக்கமான இறாலேதான், துளி வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்தது. "சாம்பிள மாத்திட்டானுங்க!" என்று சார் கத்தினார். நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். அப்புறம் மனசு கேட்காமல் புவனகிரிக்கு பஸ் ஏறினேன்.

"யக்கா, இந்தக் குட்டக் கொடுக்கு எறா ஆத்துல எந்த எடத்துல கெடைக்குது?"

"ஆத்துலயா? எங்க வூட்டுக் குட்டையிலம்மா" என்றாள் இருசம்மாள். "ரேட்டு ஏறட்டும்னு எங்க வூட்டுக்காரரு பக்கிரி உசுரோட உட்டு வச்சிருப்பாரு. ஒண்ணோட ஒண்ணு சண்ட போட்டு சாவுதுன்னு கொடுக்க ஒடிச்சிடுவாரு. எறா தானா தோல உரிக்கறப்ப மறுபடி சின்னதா மொளைக்கும்."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? பல்லுல்ல எண்ணிக்கிட்டிருந்த!"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் சார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அவகிட்ட சொல்லிட்டனேம்மா. நீயும் கூட வாயேன்" என்றார். என் ஆராய்ச்சியும் போச்சே என்று நான் அழ வேண்டிய நேரத்தில், அவருக்குத் துணையாகத் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன்.

மலர்க்கொடி அம்மா காபி கொண்டுவந்தார். சார் தரையைப் பார்த்தபடி, "மலரு, அந்த எறாவுக்கு ஒம்பேரு வெக்க முடியாது. பக்கிரின்னு ஒருத்தரு கொடுக்க ஒடிச்சி வுட்டதால வந்த கொழப்பம். அது புதுசே இல்ல" என்றார். கண் கலங்கிவிட்டது.

அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அப்பாடா! தெருவெல்லாம் சொல்லி வச்சிட்டீங்க. மலர்க்கொடி கிலோ என்ன வெலன்னு மார்க்கெட்டுல கேட்டுச் சிரிக்கிறாளுங்க. ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்லீங்க."

சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தீவாளிக்கு அந்தப் பக்கிரிக்கு ஒரு நல்ல வேட்டியா எடுத்துக் குடுத்துட்டு வாங்க" என்றார் அம்மா.